காடு வளர்த்த உட்

உலகில் பிறந்தோர் பலர். பிறந்த நாட்டிற்குப் பயன்பட வாழ்ந்தோர் சிலர். தமக்கு அயலாகிய நாட்டின் மண்ணையும் தம் மண்ணெனப் போற்றித் தொண்டு புரிந்தோர் மிகச் சிலரே. அத்தகைய அரியோருள் ஒருவர் ஹியூகோ உட் என்பவர். அவர் 1870 ஆம் ஆண்டில் பிறந்த ஆங்கிலேயர், வனத்துறை அலுவலர். ஆள வந்த இனத்தில் பிறந்தும், ஆனைமலைக் காட்டிற்கு அடித்தொண்டராய் வாழ்ந்தவர் அவர்.

பொள்ளாச்சிக்குத் தெற்கே வானளாவி நிற்பது ஆனைமலை. வேழங்கள் உலவுவதும், மூங்கில் அடர்வதும், தேக்கும் ஈட்டியும் ஓங்குவதும் அம்மலையின் இயல்பு. காடர், மலசர், புலையர், முதுவர் முதலிய பழங்குடி மக்கள் தொன்றுதொட்டு அம்மலையில் வாழ்ந்து வருகின்றனர். தேன், கிழங்கு, நெல்லி முதலியவற்றை வேண்டுமளவு கொண்டு, வேரைக் காத்துவிடுதல் அவர்தம் வாழ்க்கை முறை.

இங்ஙனம் விளங்கிய காட்டிற்குத் தேக்கின் சிறப்பே தீங்காய் முடிந்தது. தேக்கு மரம் நீரில் எளிதில் இற்றுப் போகாது. கறையானும் அதனை எளிதில் அரிக்காது. 1817 ஆம் ஆண்டில் மலபார்த் தேக்கினால் பம்பாயில் கட்டப்பெற்ற டிரிங்கோமலி என்னும் போர்க்கப்பல், இருநூறாண்டு கடந்தும் இங்கிலாந்தில் மிதந்து நிற்கின்றது எனின், அம்மரத்தின் உறுதியை என்னென்பது! ஆதலின் கப்பல் கட்டுவோர் கண் ஆனைமலையின்மீது விழுந்தது. 1848 ஆம் ஆண்டில் மைக்கேல் என்னும் படை அலுவலர் அக்காட்டில் மரம் வெட்டும் பணியை மேற்பார்க்க அமர்த்தப்பெற்றார். கப்பலுக்குப் பின் இருப்புப்பாதையும் மரத்தை வேண்டிற்று.

வெட்டிய மரங்களை யானைகள் சங்கிலியால் பிணித்து இழுத்து வரும். மலையின் விளிம்பிலிருந்து அவை சரிவில் உருட்டி விடப்படும். பின்னர் அவை மேலைக் கடற்கரையை அடைந்து பம்பாய்க்குச் செல்லும். மரங்கள் சறுக்கிச் சென்ற சரிவின் மேல்முனைக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் டாப்சிலிப் என்பது. மரம் போயிற்று, பெயர் மட்டும் இன்றும் நிலைத்து நிற்கின்றது.

மரத்தை இழந்த காட்டிற்கு மற்றொரு கேடும் நேர்ந்தது. காட்டு மண் இயல்பாகப் பஞ்சு போன்றது. அதனுள் எண்ணற்ற நுண்துளைகள் உண்டு. மழைநீர் அவற்றின் வழியே உள்ளிறங்கும், காற்றும் புகும், இளவேர் இடங்கண்டு நுழையும். யானையின் அடிவைப்பும், பெருமரத்தின் இழுப்பும், வண்டியின் சுமையும் மீண்டும் மீண்டும் அழுத்தும்பொழுது அத்துளைகள் அடைபடுகின்றன. மண் களம்போல் இறுகுகின்றது. பெய்த மழை உள்ளே செல்லாது, மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடுகின்றது. அத்தகைய தடத்தில் விழுந்த விதை முளைப்பதும் அரிது. முளைத்தாலும் அதன் வேர் ஆழச் செல்வதும் அரிது. காயம் தசையோடு நில்லாது எலும்பையும் தாக்கினாற் போன்றது அது.

இந்நிலையில், 1915 ஆம் ஆண்டையொட்டி உட் ஆனைமலைக் காட்டின் பொறுப்பை ஏற்றார். அவர்முன் கடினமானதொரு சிக்கல் நின்றது. அரசு மரத்தை வேண்டியது. காடோ ஓய்வை வேண்டியது. மரம் தாரேன் என்றால் பதவி நில்லாது. கேட்டபடி எல்லாம் தந்தால் காடு நில்லாது. இரண்டிற்கும் இடையே ஒரு வழி காணுதல் அவர் கடமையாயிற்று. காட்டினுள் நடந்தும் நோக்கியும் ஆராய்ந்தும் அவ்வழியை அவர் கண்டார்.

அவர் கைக்கொண்டது மறுதாம்பு முறை. கரும்பு வெட்டும் உழவர் வேரைப் பறிப்பதில்லை. அடிக்கட்டையை விட்டு வைப்பர். அது மீண்டும் தழைக்கும். தேக்கும் அவ்வியல்பினது. அடிமரத்தைச் சிதையாமல் வெட்டினால், உறங்கிக் கிடக்கும் மொட்டுகள் விழித்துத் துளிர்க்கும். பல துளிர்களுள் வலியதொன்றை விட்டு ஏனையவற்றைக் களைந்தால் அது நேரிய மரமாக ஓங்கும். இம்முறையில் ஒரு நுட்பம் உண்டு. இறுகிய மண்ணில் புதிய வேர் இறங்குதல் அரிதன்றோ? வெட்டப்பட்ட மரத்தின் வேரோ முன்னரே ஆழச் சென்று நீரைப் பற்றியுள்ளது. அப்பழைய வேரின் வலியால் புதிய தண்டு விரைந்து வளர்கின்றது. ஒரு பகுதியில் மரம் வெட்டியபின் அப்பகுதியை நெடுங்காலம் தொடாது ஓய்வாக விடவேண்டும் என்பதும் அவர் கொள்கை.

கட்டையும் இல்லாத வெற்றிடங்களுக்கு விதையே துணை. தேக்கின் கனி கடினமான ஓடுடையது. நனைந்தும் உலர்ந்தும் பலகால் பதப்பட்ட பின்னரே முளைவிடும். உட், பை நிறையத் தேக்கு விதைகளோடு காட்டில் நடப்பாராம். ஊன்றுகோலால் நிலத்தில் துளையிட்டு, அதில் விதையை இட்டு மூடிச் செல்வாராம். இச்செய்தியை ஆனைமலை மக்கள் இன்றும் சொல்லி மகிழ்கின்றனர். நடைக்குத் துணையான கோலே அவருக்கு நடவுக் கோலுமாயிற்று.

இறுகிய நிலம் தானாகவே மீள்வதும் உண்டு. முதலில் தடத்தின் ஓரத்தில், மண் சற்றே நெகிழ்ந்த இடத்தில், புல் தலைகாட்டும். அதன் நுண்வேர்கள் மண்ணைத் துளைக்கும். கோடையில் மண் வெடிக்கும். அவ்வெடிப்பில் உதிர்ந்த இலையும் காற்று கொணர்ந்த விதையும் தங்கும். இலை மட்கும் இடத்தை மண்புழு நாடும். கறையானும் வழி அமைக்கும். அவை குடைந்த துளைவழி மழைநீர் மீண்டும் உள்ளிறங்கும். புல்லைத் தொடர்ந்து புதரும், புதரைத் தொடர்ந்து வட்டத்தாமரை போன்ற விரைந்து வளரும் மரங்களும் வரும். அவற்றின் நிழலில் நெடுமரங்களின் கன்றுகள் தலையெடுக்கும். மேல்மண் முன்னே நெகிழும். அடிமண் நெகிழப் பல பத்தாண்டுகள் செல்லும். ஒரு திங்களில் மனிதன் மிதித்ததை ஒரு தலைமுறையில்தான் இயற்கை ஆற்றுகின்றது. ஆதலின் காட்டிற்குச் செய்யும் உதவிகளுள் தலையாயது, மீண்டும் மிதியாதிருத்தலே.

பத்தாண்டுக் காலம் உட் இப்பணியில் ஊன்றி நின்றார். மலைக்காட்டின் மழையும் பனியும் காய்ச்சலும் அவர் உடலை வாட்டின. காசநோய் அவரைப் பற்றியது. பணியினின்று நீங்கிக் குன்னூரில் தங்கினார். உடல் குன்னூரில் இருப்பினும் உள்ளம் ஆனைமலையிலேயே உலவியது. தாம் வளர்த்த தேக்குகளின் நடுவே தம்மை அடக்கம் செய்யவேண்டும் என்பதே அவருடைய இறுதி விருப்பம். 1933 ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் அவர் மறைந்தார். அவர் விரும்பியவாறே டாப்சிலிப்பிற்கு அருகில் அவருடைய கல்லறை அமைந்தது. சுற்றிலும் நிற்கும் மரங்களையே அவருடைய நினைவுச் சின்னமாகக் காணுமாறு அக்கல்லறையில் இலத்தீன் மொழித் தொடரொன்று சுட்டுகின்றது.

பெரியோர் செயலையும் நடுநிலையோடு ஆராய்தல் அறிவுடையோர் கடன். தேக்கு மட்டும் நிறைந்த தோப்பு, பல்வகை மரமும் கொடியும் செடியும் விரவிய இயற்கைக் காட்டிற்கு ஈடாகாது என்று இக்கால அறிஞர் கூறுகின்றனர். அது பொருத்தமே. உட் வளர்த்த மரங்களுள் தேக்கே மிகுதி; அரசு வேண்டியதும் அதுவே. எனினும், எடுப்பதே தொழில் எனக் கருதிய காலத்தில், எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று எண்ணியவர் அவர். அவ்வெண்ணமே பின்வந்தோர்க்கு வழிகாட்டிற்று. 1976 ஆம் ஆண்டில் அம்மலைப் பகுதி வனவிலங்குப் புகலிடம் ஆயிற்று. இன்று அது ஆனைமலைப் புலிகள் காப்பகமாகத் திகழ்கின்றது. மரம் இழுத்த யானைகள் வாழ்ந்த மலையில், இன்று கோழிகமுத்தி முகாமில் யானைகள் பேணப்படுகின்றன. மரங்கள் சறுக்கிய மலையில் மான்கள் மேய்கின்றன.

மன்னர் எழுப்பிய மாளிகைகள் பல மண்மேடாயின. உட் ஊன்றிய விதைகளோ ஆண்டுதோறும் தளிர்த்து, அவர் கல்லறைமீது நிழல் பரப்புகின்றன. நாமும் நம் வாழ்நாளில் ஒரு மரமேனும் நட்டு வளர்ப்போமாக. நடும் இடம் வாய்க்காவிடின், நிற்கும் மரத்தின் அடிமண்ணை மிதித்து இறுக்காது காப்போமாக. அதுவே அப்பெருந்தகையார்க்கு நாம் செய்யும் கைம்மாறாகும்.