மீண்டும் மாணவரான அடிகளார்

கிள்ளான் பண்டமாரானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியே கோலாலம்பூருக்குச் செல்பவர்கள், மலாயாப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள பந்தாய்ப் பகுதியைக் கடப்பார்கள். 1961ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக வந்தவர் தனிநாயகம் அடிகளார். உலக அறிஞர்களைத் தமிழின்பால் திரும்பிப் பார்க்கச் செய்த அவர், தமிழ் இலக்கியத்தை முறையாகக் கற்கத் தொடங்கியது வளர்ந்து ஆளான பிறகுதான்.

அடிகளார் 1913இல் யாழ்ப்பாணத்தை அடுத்த கரம்பனில் பிறந்தார். வீட்டுமொழி தமிழ், பள்ளியில் பயின்றதோ ஆங்கிலத்தில். பின்னர், உரோமாபுரியில் சமயக் கல்வி கற்றபோது இலத்தீனும் இத்தாலியமும் கைவந்தன. 1938இல் அங்கேயே குருவானார். அடுத்துத் திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளத்தில் ஆசிரியப் பணி அமைந்தது. பல மொழி கற்ற தமக்குத் தாய்மொழியின் இலக்கியம் அந்நியமாக இருந்ததை அவர் அங்கு உணர்ந்தார். அந்தக் குறை அவரை வருத்தியது. பண்டிதர் ஒருவரிடம் பாடம் கேட்கத் தொடங்கினார். அதோடு நின்றாரா? இல்லை. 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அவர் முப்பது வயதைக் கடந்திருந்தார்.

மொழி கற்கத் தூண்டும் ஊக்கத்தை உளவியலாளர்கள் இரு வகையாகப் பார்ப்பர். வேலை, தேர்வு போன்ற பயன் கருதிக் கற்பது ஒன்று. அம்மொழி பேசும் மக்களோடும் அவர்தம் பண்பாட்டோடும் ஒன்றிவிட விரும்பிக் கற்பது மற்றொன்று. கனடாவின் மொண்ட்ரியல் நகரில் பிரெஞ்சுமொழி பயின்ற மாணவர்களைக் கார்ட்னர், லம்பர்ட் ஆகிய இருவர் ஆராய்ந்தனர். இரண்டாம் வகை ஊக்கம் உடையவர்கள் மொழியில் சிறந்து விளங்கியதை 1959இல் அவர்கள் எடுத்துரைத்தனர். அடிகளாரை இயக்கியதும் பெரும்பாலும் இவ்விரண்டாம் வகை ஊக்கமே எனலாம். குருவாகிவிட்ட அவரைத் தமிழ்ப் பட்டம் பெறுமாறு எவரும் வற்புறுத்தவில்லை.

முன்பு கற்ற மொழிகளும் வீண்போகவில்லை. 1679இல் அச்சான புரோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துகீசிய அகராதியை அவர் வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்தார். ஐரோப்பிய நூலகங்களில் தேடித் திரிவதற்கு இலத்தீனும் இத்தாலியமும் எவ்வளவு கைகொடுத்திருக்கும்! அவ்வகராதி 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழி மறுபதிப்புக் கண்டது. அதே ஆண்டு ஏப்ரலில், முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு அவரது முயற்சியால் கோலாலம்பூரில் கூடியது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அதனைத் தொடக்கி வைத்தார். பல நாட்டு அறிஞர்கள் அமர்ந்திருந்த அவையில், முப்பது வயதுக்குமேல் தமிழ் வகுப்பில் அமர்ந்த அந்த மாணவரும் இருந்தார்.