ஊ. பு. அ. சௌந்தரபாண்டியன்

ஊ. பு. அ. சௌந்தரபாண்டியன் (செப்டம்பர் 15, 1893 - பெப்ரவரி 22, 1953) தமிழக அரசியல்வாதியும் சுயமரியாதை இயக்கத்தின் முன்னணித் தலைவர்களுள் ஒருவரும் ஆவார். நீதிக்கட்சியைச் சேர்ந்தவர்.

பிறப்பும் பின்னணியும்

கீழ்ப்பழனி மலையடிவாரத்தில், காப்பி வணிகத்திற்குப் பெயர்பெற்ற பட்டிவீரன்பட்டியில் பிறந்தார். இவ்வூர் அன்று மதுரை மாவட்டத்தில் இருந்தது. இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ளது. இவரது தந்தை அய்ய நாடார் செல்வம் மிக்க வணிகர். அக்காலத்தில் நாடார் சமூகத்தினருக்குப் பல கோயில்களில் நுழைவு மறுக்கப்பட்டிருந்தது. கமுதி கோயில் நுழைவு வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில் 1908 இல் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

பொதுவாழ்வு

நாடார் மகாஜன சங்கத்தின் வழியாகப் பொதுவாழ்வில் ஈடுபட்ட இவர், சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினராகப் பணியாற்றினார். 1928 இல் இராமநாதபுரம் மாவட்டக் கழகத்தின் (ஜில்லா போர்டு) தலைவரானார். அப்போது தாழ்த்தப்பட்ட மக்களைத் தனியார் பேருந்துகளில் ஏற்றிக்கொள்வதில்லை. அவர்களை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் நீக்கப்படும் என்று இவர் ஆணையிட்டார். பேருந்து உரிமையாளர்களுக்கு உரிமம் இன்றித் தொழில் நடத்த இயலாது என்பதால் இவ்வாணை வலிமை வாய்ந்ததாக இருந்தது. தம் சமூகமும் தீண்டாமைக் கொடுமையை அனுபவித்திருந்த நிலையில், அதிகாரம் கைக்கு வந்தபோது அதனைத் தமக்கும் கீழாக ஒடுக்கப்பட்டோருக்காகப் பயன்படுத்தியமை குறிப்பிடத்தக்கது.

1929 பெப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதலாவது சுயமரியாதை மாநாட்டிற்குத் தலைமை வகித்தார். பெயருக்குப் பின் சாதிப் பட்டம் இடுவதைக் கைவிட வேண்டும் என்று அம்மாநாடு தீர்மானித்தது. இவரும் நாடார் என்னும் பட்டத்தைத் துறந்தார்.

நினைவு

சென்னை தியாகராய நகரிலுள்ள பாண்டி பசார், சௌந்தரபாண்டியனார் அங்காடி என்பதன் சுருக்கம் எனப் பரவலாகக் கூறப்படுகிறது.