தாகம் தீர்த்த தீரர்

சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூருக்கு வடக்கே புழல் ஏரி பரந்து கிடக்கிறது. பூவிருந்தவல்லிக்கு அருகே செம்பரம்பாக்கம் ஏரி அமைந்துள்ளது. மாநகரின் குடிநீர்த் தேவையை நிறைவு செய்யும் இவ்விரு ஏரிகளுக்கும் மேற்கே, திருவள்ளூரைக் கடந்தால், கொசத்தலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் தோன்றும். அதற்குச் 'சத்தியமூர்த்தி சாகர்' என்று பெயர். மேடைகளிலும் சட்டமன்றங்களிலும் ஆங்கில ஆட்சியை எதிர்த்து முழங்கிய விடுதலை வீரர் ஒருவரின் பெயரை நீர்த்தேக்கம் தாங்கி நிற்பதற்குக் காரணம், அவர் மேயராகப் பணியாற்றிய ஓராண்டுக் காலமாகும்.

இளமையும் பொதுவாழ்வும்

சத்தியமூர்த்தி 1887ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19ஆம் நாள் புதுக்கோட்டையை அடுத்த திருமயத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்த அவர், குடும்பப் பொறுப்பைச் சுமந்துகொண்டே கல்வியைத் தொடர்ந்தார். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றபின் சட்டம் படித்து வழக்கறிஞரானார்.

தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒருங்கே வல்லவரான அவருடைய நாவன்மையைக் காங்கிரஸ் பேரியக்கம் விரைவில் கண்டுகொண்டது. 1919ஆம் ஆண்டில் இந்திய மக்களின் கருத்தை எடுத்துரைக்க இங்கிலாந்துக்குச் சென்ற குழுவில் அவரும் இடம்பெற்றார். 1923 முதல் சென்னைச் சட்டமன்றத்திலும், பின்னர் மத்திய சட்டமன்றத்திலும் அவர் தொடுத்த வினாக்கள் ஆட்சியாளர்களைத் திணறச் செய்தன. மக்கள் அவரைத் 'தீரர்' என்று போற்றினர். 1930ஆம் ஆண்டில் சென்னைப் பார்த்தசாரதி கோயிலில் தேசியக் கொடியேற்ற முயன்றபோது கைது செய்யப்பட்டார். 1936இல் தமிழ்நாடு காங்கிரசின் தலைவரானபோது காமராசர் செயலாளராக அவருடன் பணியாற்றினார்.

நீரற்ற துறைமுக நகரம்

ஆங்கிலேயர் உருவாக்கிய துறைமுக நகரங்களுள் தொன்மையானது சென்னை. ஆயினும், ஆண்டு முழுவதும் நன்னீர் ஓடும் ஆறு அதற்கு இல்லை. நெடுங்காலம் கிணறுகளும் குளங்களுமே மக்களின் தாகம் தீர்த்தன. 1772ஆம் ஆண்டளவில் கோட்டைக்கு நீர் வழங்க ஏற்படுத்தப்பட்ட கிணறுகளின் நினைவு, 'ஏழுகிணறு' என்னும் பகுதியின் பெயரில் இன்றும் நிலைத்திருக்கிறது.

தாமரைப்பாக்கத்தில் கொசத்தலையாற்றின் குறுக்கே அணை கட்டி, அந்நீரைச் சோழவரம், புழல் ஏரிகளுக்குத் திருப்பும் திட்டம் 1872இல் நிறைவேறியது. ஆனால், புழலிலிருந்து கீழ்ப்பாக்கம் வரை நீர் திறந்த வாய்க்காலில் வந்தது. வடிகட்டப்படாமலே குழாய்களில் பாய்ந்தது. வழியில் கலந்த மாசு வீடுவரை சென்றது. காலரா போன்ற நோய்கள் அசுத்த நீரால் பரவுகின்றன என்பதை மருத்துவ அறிவியல் தெளிவுபடுத்தியபின், இக்குறையைக் களைவது இன்றியமையாததாயிற்று. பொறியாளர் மேட்லியின் திட்டப்படி, புழலிலிருந்து மூடிய கால்வாய் வழியே நீர் கொண்டுவரப்பட்டது. கீழ்ப்பாக்கத்து மணல் வடிப்பான்களில் தூய்மையாக்கப்பட்ட அந்நீர் 1914 முதல் மக்களுக்குக் கிடைத்தது.

1961ஆம் ஆண்டில் நகரின் மக்கள்தொகை 6.6 லட்சமாக இருக்கும் என்னும் மதிப்பீட்டில் அத்திட்டம் வகுக்கப்பட்டது. ஆனால், 1941ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே மக்கள்தொகை ஏறத்தாழ 7.77 லட்சத்தை எட்டிவிட்டது. வடிப்பான்கள் இருந்தும், வடிகட்டுவதற்குப் போதிய நீர் இல்லை. பருவமழை பொய்த்தால் ஏரிகள் வறண்டன. மழை மிகுந்தாலோ, ஏரிகள் கொள்ளாத ஆற்றுவெள்ளம் எண்ணூர் அருகே கடலில் கலந்தது. குழாயில் நீர் நின்றால், ஏழை மக்கள் மாசடைந்த குளங்களையும் கிணறுகளையும் மீண்டும் நாட வேண்டியிருந்தது. ஆகவே, நீர்ப்பஞ்சம் நகரின் நலவாழ்வையே அச்சுறுத்தியது.

மேயரின் ஓராண்டு

இத்தகைய சூழலில், 1939ஆம் ஆண்டு சத்தியமூர்த்தி சென்னை மேயரானார். அவ்வாண்டில்தான் இரண்டாம் உலகப்போர் மூண்டது. இந்தியரைக் கலந்துகொள்ளாமல் நாட்டைப் போரில் ஈடுபடுத்தியதைக் கண்டித்துக் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. சென்னை மாகாணம் ஆளுநரின் நேரடி ஆட்சிக்கு உட்பட்டது.

மேயரின் பதவிக்காலம் ஓராண்டே. மாநகராட்சியின் நிர்வாக அதிகாரமோ அரசு நியமித்த ஆணையரிடம் இருந்தது. வெள்ளநீரைத் தாமரைப்பாக்கத்துக்கு மேற்கே பூண்டியில் தேக்குவதே நிலையான தீர்வாகும். அதற்கு அரசின் இசைவு வேண்டும். எந்த ஆட்சியை அகற்றப் போராடினாரோ, அந்த ஆட்சியிடமே அவர் நகரின் பொருட்டுப் பேச வேண்டியிருந்தது. விடுதலை வரும்வரை காத்திருக்கலாம். ஆனால், மக்களின் தாகம் காத்திராது. சத்தியமூர்த்தி தம் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. அதே வேளையில், அரசியல் பகையை நீருக்குத் தடையாக்கவும் இல்லை. போர்ச்செலவைக் காட்டித் தட்டிக்கழிக்க இடமிருந்த அரசைத் தம் வாதத்திறனால் இசையச் செய்தார். 1940ஆம் ஆண்டில் ஆளுநர் ஆர்தர் ஹோப் பூண்டியில் அடிக்கல் நாட்டினார்.

காணாத நீர்ப்பரப்பு

அணை எழும்பிக்கொண்டிருந்தபோது நாட்டில் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் வெடித்தது. 1942இல் பம்பாய் மாநாட்டிலிருந்து திரும்பும் வழியில் சத்தியமூர்த்தி கைது செய்யப்பட்டு, தொலைவிலுள்ள அமராவதிச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அப்பயணத்தில் அவருடைய முதுகுத்தண்டு பாதிப்படைந்தது. சென்னைப் பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர், 1943ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் காலமானார்.

அதற்கு அடுத்த ஆண்டு, ஏறத்தாழ 65 லட்சம் ரூபாய்ச் செலவில் நீர்த்தேக்கம் நிறைவுற்றது. 2,573 மில்லியன் கன அடி நீரைத் தேக்கும் ஆற்றலுடன் அது அமைந்தது. நகரின் தாகம் தீர்க்கச் சிற்றூர் மக்களும் விலை கொடுத்தனர். சுந்தரர் பாடிய திருவெண்பாக்கத்துக் கோயில் நீர்ப்பரப்புக்குள் மூழ்க, இறைவனுக்குப் பூண்டியில் புதுக்கோயில் எழுப்பப்பட்டது.

காமராசர் முதலமைச்சரானபின், தம் அரசியல் வழிகாட்டியின் பெயரை அந்நீர்த்தேக்கத்துக்குச் சூட்டினார். பிற்காலத்தில் பூண்டியிலிருந்து செம்பரம்பாக்கத்துக்கு இணைப்புக் கால்வாய் வெட்டப்பட்டது. 1996ஆம் ஆண்டு ஆந்திரத்திலிருந்து கிருஷ்ணா நீர் வந்தபோது, அதை முதலில் ஏற்றுக்கொண்டதும் பூண்டியே. தாம் கண்ணால் காணாத நீரைத் தலைமுறைகளுக்கு விட்டுச்சென்றவர் சத்தியமூர்த்தி. நாட்டின் உரிமைக்காகச் சிறை ஏகுவதும், நகரத்து வீடுகளுக்குத் தூய நீர் கிடைக்கச் செய்வதும் ஒரே தொண்டின் இரு கூறுகள் என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.