இருமல் வந்தாலே பயமா இருக்கா? லண்டனில் நோயோடு தனியாகக் கிடந்த ராமானுஜன் கதையைக் கேளுங்க!

வெம்பக்கோட்டை, சிவகாசி, சாத்தூர் பக்கம் பஸ்ல போறவங்களுக்கு இருமல் சத்தம் புதுசு இல்லை. அலுமினியப் பவுடரும் கந்தகமும் காற்றில் கலந்திருக்கிற வேலை. இளைப்பும் நாள்பட்ட இருமலும் பல வீடுகளில் பழகிப்போன விஷயம். ஆனா, 2020 மார்ச்சுக்குப் பிறகு அதே இருமலுக்கு அர்த்தமே மாறிப்போச்சு. ஒருத்தர் லேசாகத் தொண்டையைச் செருமினாலே நாலு தலை திரும்பியது. செருமியவருக்கோ அதைவிடப் பெரிய பயம். இது எப்பவும் வர்ற இளைப்பா, இல்லை, அதுவா?

ஏற்கெனவே சுகர், ஆஸ்துமா, கிட்னி பிரச்னைன்னு ஏதாவது ஒண்ணோட வாழ்றவங்களுக்கு இந்தக் கேள்வி நல்லாவே தெரியும். விரல்ல ஆக்ஸிமீட்டரை மாட்டி 97-ஆ, 96-ஆன்னு பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை பார்த்திருப்பீங்க. ராத்திரி 2 மணிக்கு போனை எடுத்து அறிகுறிகளைத் தேடியிருப்பீங்க. தேடத் தேட பயம் கூடியிருக்குமே தவிர, குறைஞ்சிருக்காது.

போனும் ஆக்ஸிமீட்டரும் இல்லாத காலத்தில், கடல் தாண்டிப் போன ஊரில், பேர் தெரியாத நோயோடு, உலகமே ஒரு பெருந்தொற்றில் செத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு தமிழர் படுத்துக் கிடந்தார். அவரை உங்களுக்கு நல்லாத் தெரியும். கணித மேதை சீனிவாச ராமானுஜன். அவருடைய கணக்கைப் பற்றி நிறைய படிச்சிருப்பீங்க. இது அவருடைய உடம்பைப் பற்றிய கதை.

ரெண்டு வயசிலேயே ஒரு கண்டம்

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்தார் ராமானுஜன். வளர்ந்தது கும்பகோணம். அப்பா துணிக்கடையில் கணக்கர். ரெண்டு வயசில் பெரியம்மை கண்டது. அந்த வருஷம் தஞ்சாவூர் மாவட்டத்தில் அம்மைக்கு ஆயிரக்கணக்கானவர்கள் பலியானார்கள். ராமானுஜன் தப்பித்தார். முகத்தில் தழும்பு மட்டும் கடைசிவரை இருந்தது. அவருக்குப் பின் பிறந்த குழந்தைகள் சிலர் கைக்குழந்தையாகவே இறந்துபோனார்கள். நோய் என்பது வீட்டு வாசலில் நிற்கிற ஒன்று என்பதை அந்தக் குடும்பம் பார்த்தே வளர்ந்தது.

1906-ல் சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் படிக்கும்போது கடுமையான வயிற்றுக்கடுப்பு வந்து ஊருக்குத் திரும்பினார். அது சரியானதும் எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள். இந்த வயிற்றுக்கடுப்பை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க. கடைசியில் தேவைப்படும்.

1909-ல் ஜானகியுடன் திருமணம். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை. அங்கிருந்து கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதம், 1914 மார்ச் 17-ல் அவரைக் கப்பல் ஏற வைத்தது. அவர் போய் இறங்கிய சில மாதங்களிலேயே முதல் உலகப்போர் தொடங்கியது.

பேர் தெரியாத நோய்

ராமானுஜன் சுத்த சைவம். அறையில் தானே சமைத்துச் சாப்பிட்டார். கணக்கில் மூழ்கினால் சாப்பாட்டு நேரமும் தூக்க நேரமும் தலைகீழாகும். போர் முற்ற முற்ற காய்கறியும் பாலும் கிடைப்பதே கஷ்டமானது. 1917-ல் படுக்கையில் விழுந்தார். விட்டு விட்டு வரும் காய்ச்சல், வயிற்று வலி, எடைக்குறைவு.

டாக்டர்கள் முதலில் வயிற்றுப் புண் என்றார்கள். பிறகு காசநோய் என்றார்கள். காசநோய்க்கான தெளிவான அடையாளங்கள் பிடிபடவில்லை. ஆனாலும் அந்தக் காலத்தில் அந்தப் பெயரைக் கேட்டாலே பாதி உயிர் போய்விடும். காசநோயைக் குணமாக்கும் மருந்து வர இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. சிகிச்சை என்றால் சானடோரியம்தான். அதாவது, ஜன்னலைத் திறந்துபோட்டு, குளிர்காற்றில் படுக்க வைப்பது.

அவர் முதலில் தங்கிய சானடோரியங்களில் ஒன்று மெண்டிப் குன்றுப் பகுதியில் இருந்தது. அதை நடத்தியவர் டாக்டர் சௌரி முத்து. நம்ம ஊர்க்காரர். பின்னாளில், 1928-ல், தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனையைத் தொடங்கியவர் இவரே. சென்னை மின்சார ரயிலில் போகும்போது 'தாம்பரம் சானடோரியம்'னு ஒரு ஸ்டேஷன் வருமே, அந்தப் பெயர் அப்படி வந்ததுதான்.

அடுத்து டெர்பிஷயரில் உள்ள மேட்லாக் சானடோரியம். கும்பகோணத்து வெயிலில் வளர்ந்த உடம்பு அங்கே நடுங்கியது. கணப்பு கேட்டார், கொடுக்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. ஊருக்குப் போகலாம் என்றால் கடலில் நீர்மூழ்கிக் கப்பல்களின் ஆபத்து. வீட்டுக்குள் மாமியார் மருமகள் உரசலில் கடிதப் போக்குவரத்தும் அறுந்துபோனது. என்ன நோய் என்று தெரியாது, எப்போது சரியாகும் என்று தெரியாது, மனசு விட்டுப் பேசத் தன் மொழியில் பக்கத்தில் ஆள் இல்லை.

பட்டாசு ஆலைகள் இருக்கிற ஊர்ல 'மருந்து'ன்னா ரெண்டு அர்த்தம் உண்டு. அங்கே வேலை செய்றவங்களுக்கு ஒரு பாதுகாப்பு விதி தெரியும். கலந்த மருந்தை மிச்சம் வைக்கக் கூடாது. அன்னிக்குக் கலந்ததை அன்னிக்கே தீர்த்துடணும். மிச்சம் வெச்ச மருந்து எப்போ என்ன செய்யும்னு யாருக்கும் தெரியாது. பயமும் அப்படித்தான். ராமானுஜன் ஒரு வருஷத்துப் பயத்தை யாரிடமும் சொல்லாமல் உள்ளேயே சேர்த்து வைத்திருந்தார். 1918-ன் தொடக்கத்தில் லண்டனில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். நல்லவேளையாகக் காப்பாற்றப்பட்டார். தற்கொலை முயற்சி அன்று குற்றம் என்பதால் போலீஸ் பிடித்துக்கொண்டது. ஹார்டி நேரில் போய்ப் பேசி மீட்டு வந்தார்.

உலகமே கொண்டாடுகிற மூளைதான். அதுவே இந்தப் பயத்துக்கு முன்னால் தோற்கப் பார்த்தது. அதனால, பயப்படுறதை நினைச்சு நீங்க வெட்கப்பட ஒண்ணுமே இல்லை.

கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்ட கயிறுகள்

அதற்குப் பிறகு நடந்ததுதான் நாம கவனிக்க வேண்டிய விஷயம். அதிசய மருந்து எதுவும் வரவில்லை. சின்னச் சின்ன விஷயங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

முதலாவது, மனுஷங்க. அப்போது இங்கிலாந்தில் இருந்த ஏ.எஸ்.ராமலிங்கம் என்ற தமிழ் இன்ஜினீயர், அவருக்கு உணவுப் பார்சல்கள் அனுப்பினார். 1918 ஜூனில் மேட்லாக்குக்கே போய் அவருடன் சில நாள் தங்கினார். என்ன சாப்பிடுகிறார், ஏன் இளைக்கிறார் என்று பார்த்து, ஹார்டிக்கு விரிவாக எழுதினார். நோயாளியின் சாப்பாட்டுத் தட்டைக் கவனித்த நண்பர். நோயைப் பற்றி நூறு கேள்வி கேட்டு நச்சரிக்கிறவரைவிட இப்படி ஒருத்தர் கிடைப்பது பெரிய விஷயம்.

ரெண்டாவது, ஒரு மணி நேர வேலை. சானடோரியத்தில் குளியலறை மட்டும்தான் கதகதப்பாக இருந்தது. தினமும் ஒரு மணி நேரம் பேனாவும் பேப்பருமாக அங்கே போய் உட்கார்ந்து கணக்குப் போடப் போவதாக ஹார்டிக்கு எழுதினார். நோய் அவர் கையில் இல்லை. குளிர் அவர் கையில் இல்லை. ஆனால், அந்த ஒரு மணி நேரம் அவர் கையில் இருந்தது.

மூன்றாவது, நல்ல செய்தி. 1918 மே மாதம் லண்டன் ராயல் சொஸைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ ஆனார். அந்தக் கல்லூரியில் அந்த இடத்தைப் பெற்ற முதல் இந்தியர். தான் இன்னும் தேவைப்படுகிற ஆள்தான் என்பது அவருக்குத் தெரிந்தது.

லண்டன் செத்துக்கொண்டிருந்தது, அவர் தேறினார்

இப்போது அந்த 1918 அக்டோபர், நவம்பரைக் கொஞ்சம் பாருங்க. 'ஸ்பானிஷ் ஃப்ளூ' இரண்டாவது அலை லண்டனை அடித்துப்போட்ட வாரங்கள் அவை. அந்தக் காய்ச்சல் குழந்தைகளையும் வயதானவர்களையும் மட்டும் குறிவைக்கவில்லை. 20 முதல் 40 வயதுவரை இருந்த திடகாத்திரமானவர்களைத் தூக்கிக்கொண்டு போனது. உலகம் முழுக்க சுமார் 5 கோடிப் பேர் இறந்திருக்கலாம் என்பது கணிப்பு. இந்தியாவில் மட்டும் 1 கோடிக்கும் மேல். அது ஒரு வைரஸ் என்பதே டாக்டர்களுக்குத் தெரியாது. மனிதர்களைத் தாக்கும் ஃப்ளூ வைரஸைப் பிரித்தெடுத்ததே 1933-ல்தான். தடுப்பூசி கிடையாது, ஆன்டிபயாடிக் கிடையாது.

ராமானுஜனுக்கு அப்போது 30 வயது. ஏற்கெனவே எலும்பும் தோலுமான உடம்பு. அந்த லண்டனில்தான், முதலில் ஒரு மருத்துவமனை, பிறகு புட்னியில் ஒரு நர்ஸிங் ஹோம் என்று இருந்தார். யாரைக் கேட்டாலும் இவர் தாங்க மாட்டார் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஆனால், 1918 நவம்பர் 26-ல் ஹார்டி சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதத்தில் இருந்தது வேறு செய்தி. காய்ச்சல் தாறுமாறாக ஏறி இறங்குவது நின்றுவிட்டது, எடை கிட்டத்தட்ட 6 கிலோ கூடியிருக்கிறது, இனி இந்தியாவுக்கு அனுப்புவதைப் பற்றி யோசிக்கலாம் என்று எழுதினார். 1729 என்ற டாக்ஸி எண்ணைப் பற்றிய புகழ்பெற்ற பேச்சு நடந்ததும் புட்னியில் அவர் படுத்திருந்த காலத்தில்தான்.

நல்ல மனநிலை வைரஸை விரட்டிவிடும் என்று தப்பா எடுத்துக்காதீங்க. அப்படி எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். ஊரே பயந்து கிடந்த நேரத்திலும், ஒரு நாள்பட்ட நோயாளியால் சாப்பிட, தூங்க, வேலை செய்ய, மெல்லத் தேற முடிந்தது என்பது மட்டும்தான் இதில் இருக்கிற உண்மை. 'எனக்கு ஏற்கெனவே நோய் இருக்கு, அதனால நான்தான் முதல்ல போவேன்' என்று ராத்திரி 2 மணிக்கு மனசு சொல்லும் கணக்கு எப்போதும் சரியாக வருவதில்லை.

ஊர் திரும்பிய ஒரு வருஷம்

1919 பிப்ரவரி 27-ல் கப்பல் ஏறினார். மார்ச் 27-ல் பம்பாய். கொடுமுடி, கும்பகோணம், கடைசியில் சென்னை சேத்துப்பட்டு என்று வீடு மாறினார்கள். ஆனால், உடம்பு மறுபடி சரியத் தொடங்கியது. இங்கே உள்ள டாக்டர்களும் காசநோய் என்றே வைத்தியம் பார்த்தார்கள்.

இந்த முறை அவர் தனியாக இல்லை. இளவயது ஜானகி, வலி வரும்போதெல்லாம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கேட்ட நேரத்தில் சாப்பாடு கொடுத்துப் பார்த்துக்கொண்டார். படுத்தபடியே ராமானுஜன் கணக்குப் போட்டார். 1920 ஜனவரி 12-ல், தான் கண்டுபிடித்த 'மாக் தீட்டா' சார்புகளைப் பற்றி ஹார்டிக்கு எழுதினார். அந்தக் கடைசி வருஷத்தில் எழுதிய தாள்கள் 1976-ல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டுபிடிக்கப்பட்டன. 600-க்கும் மேற்பட்ட சூத்திரங்கள். இன்றும் கணித அறிஞர்கள் அவற்றில் வேலை செய்கிறார்கள்.

1920 ஏப்ரல் 26-ல் இறந்தார். வயது 32.

அந்த வயிற்றுக்கடுப்பு

ஞாபகம் இருக்கா, 1906? டி.ஏ.பி.யங் என்பவர், ராமானுஜனின் நோய்க்குறிப்புகள் எல்லாவற்றையும் திரட்டி ஆராய்ந்து 1994-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அது காசநோயாக இருக்க வாய்ப்பு குறைவு. இளவயதில் வந்த வயிற்றுக்கடுப்பின் அமீபா கிருமி கல்லீரலில் தங்கி, பல வருஷம் கழித்துத் தாக்கியிருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. அந்த நோய்க்கு அந்தக் காலத்திலேயே மருந்து இருந்தது. பழைய வயிற்றுக்கடுப்பையும் புதுக் காய்ச்சலையும் சேர்த்துவைத்து யாராவது பார்த்திருந்தால், அவர் இன்னும் பல வருஷம் இருந்திருக்கலாம்.

அதனால, உங்களுக்கு நாள்பட்ட நோய் ஏதாவது இருந்தா, இந்த வாரமே ஒரு வேலை பண்ணுங்க. ஒரு நோட்டில் எல்லாத்தையும் வரிசையா எழுதுங்க. சின்ன வயசில் வந்த பெரிய காய்ச்சல், ஆபரேஷன், மருந்து ஒவ்வாமை, இப்போ போடுற மாத்திரை, வேலை செய்ற இடத்தில் சுவாசிக்கிற பொடி வரைக்கும். டாக்டரைப் பார்க்கும்போது அதைக் கொடுங்க. என்ன நோய்னு தெளிவா சொல்லலைன்னா, இன்னொரு டாக்டர்கிட்டயும் கேளுங்க. அதில் தப்பே இல்லை.

ராத்திரி 2 மணிக்கு போன்ல தேடத் தோணும்போது, அந்த நோட்டை எடுத்து, அப்போ வர்ற சந்தேகத்தையும் அதிலேயே எழுதிட்டுத் தூங்குங்க. காலையில் டாக்டர்கிட்ட கேட்க ஒரு கேள்வி ரெடி. மூச்சு உண்மையிலேயே முட்டினாலோ, நெஞ்சு வலிச்சாலோ மட்டும் காலைவரை காத்திருக்காதீங்க; உடனே 108-ஐக் கூப்பிடுங்க.

மனசு ரொம்பக் கனமா இருந்தா, வாழவே வேண்டாம்னு தோணினா, 104 அல்லது 14416 எண்ணுக்குக் கூப்பிடுங்க. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. ராமானுஜனுக்கு அன்னிக்கு இப்படி ஒரு நம்பர் இல்லை. உங்களுக்கு இருக்கு.