பெஞ்சமின் பிராங்கிளின்



மெழுகுவத்தி செய்து விற்றவரின் மகன் ஒருவர், பேரரசின் அவையில் தம் மக்களுக்காக வாதாடினார். பின்னர்ப் புதியதொரு நாடு தோன்றவும் துணைநின்றார். அவரே பெஞ்சமின் பிராங்கிளின்.

இவர் 1706ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 17ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தையாருக்குப் பிள்ளைகள் 17 பேர். ஆதலால் பத்தாம் வயதிலேயே இவரது பள்ளிப் படிப்பு நின்றது. 12ஆம் வயதில் தமையனாரின் அச்சகத்தில் தொழில் பழகினார். ஆயினும் இரவல் நூல்களைப் பெற்று இரவில் கண்விழித்துக் கற்றார். 17ஆம் வயதில் பிலடெல்பியாவை அடைந்து, பின்னர் அங்கே சொந்த அச்சகம் நிறுவினார். 1731இல் நூலகம் ஒன்றைத் தோற்றுவித்தார். இடிதாங்கியை உலகிற்கு அளித்தவரும் இவரே.

அந்நாளில் பிரிட்டனின் மூன்றாம் ஜார்ஜ் மன்னர், கடலுக்கப்பால் லண்டனிலிருந்து அமெரிக்கக் குடியேற்றங்களை ஆண்டுவந்தார். ஒரு மடல் சென்று சேரவே பல வாரங்களாகும். 1765இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் செய்தித்தாள், பத்திரம், சீட்டுக்கட்டு ஆகியவற்றின் மீதும் முத்திரை வரி விதித்தது. மக்கள் கொதித்தெழுந்தனர். வரியின் பளுவினும் அவர்களை வருத்தியது வேறொன்று. வரி விதித்த அவையில் அவர்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவரேனும் இல்லை!

அப்போது லண்டனில் பேராளராக இருந்த பிராங்கிளின், 1766இல் பாராளுமன்றத்தில் கேட்கப்பட்ட வினாக்களுக்குத் தெளிவாக விடையளித்தார். அவ்வாண்டே அச்சட்டம் நீக்கப்பட்டது. எனினும் மறு ஆண்டே கண்ணாடி, தாள், தேயிலை முதலியவற்றுக்குத் தீர்வை வந்தது. 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் எறியப்பட்டன. 1774இல் மன்னரின் ஆலோசனை அவையில் பிராங்கிளின் கடுமையாக இகழப்பட்டார். வாய் திறவாது நின்றார். அஞ்சல் துறைப் பதவியும் பறிபோயிற்று. மன்னரிடம் பற்றுக்கொண்டிருந்த அவர் மனம் மாறியது.

1775இல் தாயகம் திரும்பிய அவர், 1776 சூலை 4ஆம் நாள் ஏற்கப்பட்ட விடுதலைப் பிரகடனத்தை உருவாக்கிய ஐவருள் ஒருவரானார். அவருடைய மகன் வில்லியமோ மன்னரால் அமர்த்தப்பெற்ற நியூ ஜெர்சி ஆளுநர். மன்னர் பக்கமே நின்றார். தந்தை மகன் உறவு முறிந்தது. இறுதிவரை முழுமையாகச் சீர்படவே இல்லை. 1783இல் அமைதி உடன்படிக்கையில் ஒப்பமிட்ட பெருமகனார், 1790இல் தம் 84ஆம் வயதில் மறைந்தார்.

மாணவர்களே! ஆளப்படுவோரின் குரலுக்குச் செவிசாய்க்காத ஆட்சி நிலைபெறாது. அக்குரலைத் தெளிவாக எடுத்துரைக்கும் ஆற்றலைப் பிராங்கிளினுக்குத் தந்தது கல்வியே. ஆதலின் நீவிரும் நாள்தோறும் நல்ல நூல்களைக் கற்று உயர்வீராக!