மண்ணின் குடிகளைக் கண்ட அகதி

1922ஆம் ஆண்டு. பாரிஸுக்குத் தென்கிழக்கே உள்ள பிறி-கொம்ட்-றொபேர் என்ற சிற்றூருக்கு, 65 வயதைக் கடந்த அறிஞர் ஒருவர் வேலைக்கு வந்து சேர்ந்தார். சொந்த மண்ணில் அவருக்கிருந்த பெருங்காணி புரட்சியோடும் உள்நாட்டுப் போரோடும் கைவிட்டுப் போயிருந்தது. பெயர் சேர்ஜி வினோகிராட்ஸ்கி. பாரிஸ் புறநகர்களில் குடியிருக்கும் எங்கள் சனத்துக்கு மிகப் பக்கத்து ஊரில் வாழ்ந்தவர். ஆனாலும் எங்களில் அநேகர் அவரை அறியோம்.

1856இல் கீவ் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். முதலில் சட்டம் படித்தார், பிடிக்கவில்லை. பியானோ படித்தார், அதையும் விட்டார். கடைசியில் தாவரவியலில் மனம் நிலைத்தது. 1885இல் ஸ்ட்ராஸ்பேர்க் சென்று, கந்தக ஊற்றுகளில் வாழும் பற்றீரியாக்களை ஆராய்ந்தார். அவை கந்தகச் சேர்வையிலிருந்தே தமக்கு வேண்டிய சக்தியைப் பெறுகின்றன என்று கண்டார். உயிர் வாழ இப்படியும் ஒரு வழி உண்டென்பதை உலகம் அதற்குமுன் அறிந்திருக்கவில்லை.

அடுத்து சூரிச் நகரில் இன்னொரு புதிரை எடுத்தார். மண்ணிலுள்ள அமோனியாவைப் பயிர் உறிஞ்சக்கூடிய நைத்திரேற்றாக மாற்றுவது யார்? மற்றவர்கள் ஆய்வுகூடத்தில் சத்தான கூழ் ஊட்டி அந்தப் பற்றீரியாவை வளர்க்கப் பார்த்துத் தோற்றார்கள். இவர் அமோனியாவையும் கனிம உப்புகளையும் மட்டும் கொடுத்தார். 1890இல் அது வளர்ந்தது. மண்ணுயிருக்கு எது பிடிக்கும் என்பதை மண்ணிடமே கேட்க வேண்டும் என்பது அவர் வழி.

பின்னர் சென் பீற்றர்ஸ்பேர்க்கில், காற்றிலுள்ள நைதரசனைத் தனித்து நின்றே நிலைநிறுத்தும் பற்றீரியா ஒன்றைப் பிரித்தெடுத்தார். 1905இல் ஆய்வை விட்டுத் தன் காணிக்குத் திரும்பினார். பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆய்வுகூடமே இல்லை. பிறகு புரட்சி வந்தது. நாட்டை விட்டு வெளியேறி, பெல்கிறேட்டில் சிறிது காலம் இருந்தார். பஸ்தேர் நிறுவனம் அழைத்த பின்னரே பிரான்ஸ் வந்தார்.

மற்றவர்கள் ஓய்வூதியம் எடுக்கும் வயதில் அவரது இரண்டாம் கணக்கு தொடங்கியது. குடுவையில் பழக்கிய நுண்ணங்கியை விட்டு, மண்ணையே நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். 1920களில் மண்ணின் நுண்ணங்கிகளை இரு வகையாகப் பிரித்தார். ஒரு வகை ஊர்க்குடிகள். மக்கிய கருமண்ணில் உள்ளதைக் கொண்டு மெதுவாக, எண்ணிக்கை அதிகம் மாறாமல் வாழ்பவை. மற்ற வகை சும்மா கிடக்கும். இலையோ எருவோ புதிதாக விழுந்தால் திடீரெனப் பெருகும், உணவு முடிந்தால் அடங்கிவிடும்.

காடழிந்த தரையை இந்தக் கண்ணோடு பார்த்தால் விளங்கும். மேல்மண்ணை மழை அள்ளிச் செல்கிறது. வெயில் தரையைச் சுடுகிறது. வரவு நின்று செலவு மட்டும் நடக்கிறது. நுண்ணங்கிகள் குறைகின்றன, ஆனால் அடியோடு அழிவதில்லை. அங்கே மரம் வந்தால் நிழல் ஈரத்தைக் காக்கிறது. வேர் சீனிச் சத்தைக் கசிய விடுகிறது. இலை ஆண்டுதோறும் உதிர்கிறது. முதலில் சும்மா கிடந்தவை விழிக்கின்றன. பங்கசுகள் வேரோடு கூட்டுச் சேர்ந்து தூரத்து நீரையும் பொசுபரசையும் கொண்டுவருகின்றன. கருமண் சேரச் சேர ஊர்க்குடிகளும் பெருகுகின்றன.

சீனாவின் மஞ்சள்மண் மேட்டுநிலத்தில் இது பெரிய அளவில் நடந்தது. அரிப்புண்ட சரிவு வயல்களைக் காடாக்கும் அரச திட்டம் அங்கே 1999இல் தொடங்கியது. வேர்முடிச்சில் நைதரசன் சேர்க்கும் ரொபீனியா மரம் பரவலாக நடப்பட்டது. தோப்பின் வயது ஏற ஏற மண்ணில் நுண்ணங்கித் திணிவும் ஏறுவதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். வறண்ட இடங்களில் அதே மரங்கள் ஆழத்து நீரைக் குடித்துத் தீர்த்ததும் உண்டு. எந்த மண்ணுக்கு எந்த மரம் என்று பார்த்தே நட வேண்டும்.

வினோகிராட்ஸ்கி ஜேர்மன் ஆக்கிரமிப்புக் காலத்திலும் அந்த ஊரை விட்டுப் போகவில்லை. 1949இல், 90 வயது கடந்த பிறகு, வாழ்நாள் ஆய்வுகளை ஒரே நூலாகத் தொகுத்தார். 1953இல் 96 வயதில் அங்கேயே காலமானார். தன் காணியை அவர் மறுபடி காணவில்லை.

ஊரில் மரம் நட நாங்களும் பணம் அனுப்புகிறோம். ஆண்டு முடிவில் எத்தனை கன்று நட்டீர்கள் என்று கேட்டு, பற்றுச்சீட்டைக் கோப்பில் போடுகிறோம். கணக்குப் பார்த்தே பிழைக்கும் எங்களுக்கு, அந்த ஐந்தொகையில் முக்கிய சொத்து ஒன்று விடுபட்டிருப்பது தெரிகிறது. எங்கள் தோட்டக்காரர் பூவரசங் குழை தாழ்த்தியபோது மண்ணின் குடிகளுக்குத்தான் சோறு போட்டார்கள். அதே ஊரில் முற்றத்துச் சருகைக் கூட்டிக் கொளுத்தும் வழக்கமும் இருக்கிறது. இனிப் பணம் அனுப்பும்போது இன்னொரு கேள்வியையும் சேர்த்து அனுப்புவோம்: சென்ற ஆண்டு நட்ட மரத்தடியில் சருகை விட்டு வைத்திருக்கிறீர்களா?