ஊதா ஆவியைக் கண்ட கூர்த்துவா

உப்புப் பொதியில் அச்சிடப்பட்டிருக்கும் அயடீன் என்ற சொல்லை நம்மில் பலர் ஊன்றிக் கவனிப்பதில்லை. அந்த மூலகத்தை முதன்முதலில் கண்ட பேர்னார்ட் கூர்த்துவாவை அறிந்தோர் அதனினும் சிலரே.

1777 ஆம் ஆண்டு பிரான்ஸின் டிஜோன் நகரில் பிறந்த கூர்த்துவா, மருந்தாளராகப் பயின்று, பின்னர் பாரிஸில் பூர்க்குருவா என்ற பேரறிஞரின் ஆய்வுகூடத்தில் பணியாற்றியவர். ஆயினும் தந்தையின் வெடியுப்புத் தொழிலே இறுதியில் அவரை இழுத்துக்கொண்டது. அது நெப்போலியனின் போர்க்காலம். வெடிமருந்துக்கு வெடியுப்பு வேண்டும். வெடியுப்புக்கு மரச்சாம்பல் வேண்டும். விறகு அரிதாகவே, நோர்மண்டி, பிறிட்டனிக் கரைகளின் கடற்பாசிச் சாம்பலை நாடினர்.

1811 இல் அச்சாம்பல் கரைசலின் எச்சத்தில் கூர்த்துவா சல்பூரிக் அமிலத்தைச் சற்று மிகுதியாகச் சேர்த்துவிட்டார். ஊதா நிற ஆவி எழுந்தது. குளிர்ந்த பரப்பில் அது திரவமாகாமல் உலோகப் பளபளப்புடைய கரும்பளிங்குகளாகப் படிந்தது. பதங்கமாதலின் இத்துணை அழகிய காட்சி இயற்கையில் அரிது. திண்ம அயடீன் 114 பாகை செல்சியஸ் அளவில் உருகும். ஆனால் அதற்கு முன்னரே ஆவியாகத் தொடங்கிவிடும். நீரில் சிறிதளவே கரையும். மதுசாரத்தில் எளிதில் கரைந்து கபில நிறம் கொள்ளும். மாப்பொருளோடு சேர்ந்தால் கருநீலமாகும். அமோனியாவோடு சேர்த்தபோது, மெல்லத் தொட்டாலே வெடிக்கும் ஒரு பொருள் கிடைத்ததையும் கூர்த்துவா கண்டார்.

புதிய மூலகமோ என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. ஆனால் ஆய்வைத் தொடரப் பணமில்லை. தொழிற்சாலையை விட்டு அகல நேரமுமில்லை. எனவே நண்பர்களான கிளெமென்ற், டெசோர்ம் ஆகியோரிடம் அதனை ஒப்படைத்தார். 1813 நவம்பரில் அவர்கள் கூர்த்துவாவின் பெயராலேயே கண்டுபிடிப்பை அறிவித்தனர். அப்போது பாரிஸுக்கு வந்திருந்த ஆங்கிலேயரான ஹம்ப்ரி டேவியும் பிரெஞ்சு அறிஞர் கே-லூசாக்கும் அது மூலகமே என முதலில் நிறுவியவர் யார் எனப் போட்டியிட்டனர். இரு நாடுகளும் போரில் இருந்த வேளையில் இப்பூசல் நாட்டுப் பெருமையின் சாயலையும் பெற்றது. எனினும் கண்டறிந்தவர் கூர்த்துவாவே என்பதை இருவரும் மறுக்கவில்லை. ஊதாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே இதன் பெயர் பிறந்தது.

பெயர் நிலைத்தது, பிழைப்பு நிலைக்கவில்லை. போர் முடிந்தபின் இந்தியாவிலிருந்து வந்த மலிவான வெடியுப்பு அவரது தொழிலை நொறுக்கியது. 1820 இல் ஜெனீவா மருத்துவர் குவாந்தே கண்டக்கழலைக்கு அயடீனைப் பயன்படுத்தத் தொடங்கியதும் அதற்குத் தேவை பெருகியது. கூர்த்துவாவும் அயடீனைத் தயாரித்து விற்க முனைந்தார். ஆனால் காப்புரிமை எதையும் பெறாதிருந்த அவருக்கு அதில் பெரும் இலாபம் கிட்டவில்லை. பிறர் கைகளுக்கே அப்பலன் சென்றது என்பதை வரலாற்றின் வஞ்சனை என்னாமல் வேறென்ன சொல்வது?

1831 இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் 6,000 பிராங் பரிசளித்தது. கண்டுபிடிப்பு நிகழ்ந்து இருபது ஆண்டுகள் கடந்திருந்தன. 1838 செப்டெம்பர் 27 இல் பாரிஸில் அவர் இறந்தபோது, மனைவிக்கும் மகனுக்கும் விட்டுச்செல்லச் சொத்தென்று எதுவும் இருக்கவில்லை.